இருபத்து மூன்றாவது குறை

எங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸின் குறைகளை எழுதுவதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நூறு பக்க நோட்டு, நீல அட்டை. முதல் பக்கத்தில் பெட்டியின் மாடல், வரிசை எண், வாங்கிய தேதி. அதற்கடுத்த பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன செய்தது, என்ன காரணம் என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறேன். மொத்தம் இருபத்து மூன்று குறைகள். அவற்றில் இருபத்திரண்டு உண்மை.

நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கடைசிக் குறையைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிட வேண்டும்.

ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். மற்றவர்கள் உருக்கி, கடைந்து, இழைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் அளந்து பார்த்து, ஒரு முடியளவு பிசகினாலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்புவேன். சரியாக இருந்தால் என் எண் பொறித்த முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. பல வருடம் கழித்து எங்கேயோ பாலைவனத்தில் அந்தச் சாமான் உடைந்தாலும், எண்ணைப் பார்த்து என்னைத் தேடி வரலாம். கடைசல் பிரிவில் இருந்தவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "இவன் பொண்டாட்டி வைக்கிற குழம்புக்கும் சிவப்புச் சீட்டு கட்டுவான்" என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அது ஒன்றும் முழுப் பொய் இல்லை.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. ரப்பர் ஆகாது, வெள்ளை மை ஆகாது. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து, கீழே சரியானதை எழுத வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய தப்பு படிக்கும்படி இருக்க வேண்டும். இன்னொரு வழக்கம், 'காரணம்' என்ற கட்டத்தை வெறுமனே விடக் கூடாது. காரணம் இல்லாமல் எந்தக் குறையும் கிடையாது என்று எங்கள் மேலதிகாரி சொல்லிச் சொல்லி அது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. இந்த இரண்டாவது வழக்கம்தான் பின்னால் என் கழுத்தை அறுத்தது.

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கோவில்பதாகையில் கட்டிய வீட்டுக்கு வந்த வருடம் வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வந்து ஒரு செட்டாப் பாக்ஸ் மாட்டிவிட்டுப் போனான். நிகழ்ச்சியை உள்ளேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளும் பெட்டி. ஒரே நேரத்தில் இரண்டு சேனல்களைப் பதிவு செய்யும். அப்போது எங்கள் தெருவில் அது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

முதல் மாதம் புது மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. இரண்டாவது மாதத்தில் சுயரூபம் தெரிந்தது. இரண்டரை மணி நேரப் படத்தை ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டு, கொலைகாரன் யார் என்று சொல்லும் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிடும். பட்டியலில் நிகழ்ச்சியின் பெயர் இருக்கும். அழுத்தினால் மணிக்கணக்கில் கருப்புத் திரை. என் மனைவியின் தொடர்நாடகத்தைப் பதிவு செய்யச் சொன்னால், நேரம் மாறி வந்த மூட்டுவலித் தைல விளம்பரத்தை அரை மணி நேரம் பொறுப்பாகப் பதிவு செய்து வைத்திருக்கும். ஒரு மாலையில் ஆறு தடவை தானாக அணைந்து தானாக எரிந்தது. சூடுதான் காரணமோ என்று, என் மனைவி அதன் மேல் போர்த்தியிருந்த பூவேலைத் துணியை எடுத்துவிட்டு, அடியில் நாலு கேரம் காய்களை வைத்து உயர்த்தினேன். சூடு போனது. குணம் போகவில்லை.

எனக்கு இதெல்லாம் கோபம் என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. ஓய்வு பெற்றவனுக்கு வீட்டுக்குள்ளேயே வேலை கிடைத்துவிட்டது. காலையில் காபி குடித்ததும் பெட்டியைத் திறந்து நேற்று என்ன குளறுபடி செய்திருக்கிறது என்று பார்ப்பேன்.

பதினேழாவது குறைக்கு வந்த மெக்கானிக் பாடியைச் சேர்ந்தவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருக்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வீடியோ டெக் காலத்திலிருந்து இதே தொழில் என்றார். நான் நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முப்பது வருசமா எத்தினியோ ஊட்டுக்குப் போய்கினு கீறேன். பொட்டிக்கு ஜாதகம் எழுதி வச்சிகினு கீற மொத ஆளு நீதான் அண்ணாத்தே."

ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார். என் மனைவி காபி கொண்டுவந்தாள். எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடுபவர் வந்தாலும் சரி, தபால்காரர் வந்தாலும் சரி, ஒரு வாய் காபி இல்லாமல் அவள் யாரையும் அனுப்பியதில்லை. அவர் குடித்து முடித்து, "இனிமே கம்பெனிக்கு அடிச்சு காத்துகினு கெடக்காத, நேரா எனக்கு அடி" என்று தன் நம்பரை அந்தப் பதினேழாம் குறையின் ஓரத்தில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வருடம், எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு டிவி நிகழ்ச்சிக்குப் போனார்கள். குடும்பப் பெண்களைக் கூப்பிட்டு விளையாட்டு வைத்து, நடுநடுவே குடும்பக் கதை கேட்கும் நிகழ்ச்சி. ஒரு சின்ன சேனலில் வந்துகொண்டிருந்தது. என் மனைவி போகமாட்டேன் என்று நாலு நாள் சொல்லிவிட்டு, ஐந்தாவது நாள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் ஒரு ஹாட்பாக்ஸும் கையுமாகத் திரும்பினாள். முகம் அப்படி ஜொலித்தது.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"உங்களப் பத்திக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"டிவில வரும்ல. பாத்துக்குங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. கூடப் போன பெண்களிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கி வைத்திருந்தாள். மூன்று வாரம் இதே கதைதான். சாப்பிடும்போது கேட்டால் சிரிப்பாள். துணி காயப்போடும்போது கேட்டால், "என்ன அவசரம், ஓடியா போயிடும்?" என்பாள். முப்பத்து நாலு வருடத்தில் அவள் என்னைக் காக்க வைத்து விளையாடியது அந்த ஒரு தடவைதான். எனக்கும் அது பிடித்திருந்தது.

சேனலிலிருந்து போன் வந்தது. வருகிற ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஒளிபரப்பு. அதே ஞாயிறு, அதே நேரத்துக்கு, காட்டுப்பாக்கத்தில் அவள் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. அத்தைதான் முதல் வளையல் போட வேண்டும். போகாமல் இருக்க முடியாது. "நம்ம பெட்டிதான் இருக்கே" என்றாள். வெள்ளிக்கிழமையே அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவுக்குப் போட்டேன். நிகழ்ச்சியின் பெயருக்கு முன்னால் சிவப்புப் புள்ளி வந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வேட்டி கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச், இறுதிப் போட்டி. அதையும் பதிவு செய்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். ஞாயிறுதோறும் வரும் பழைய படம் ஒன்றையும் வாராவாரம் பதிவாகும்படி ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன். ஆக மூன்று. பெட்டி கேட்டது: இரண்டைத்தான் பதிவு செய்ய முடியும், எதை நீக்குவது?

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தப் பெட்டி ஒரு பிசகும் செய்யவில்லை. மூன்று பெயர்களையும் வரிசையாகக் காட்டி, மரியாதையாக என்னைக் கேட்டது. நானும் கண்ணாடி போட்டிருந்தேன், நன்றாகப் படித்தேன், யோசித்தேன். மேட்ச்சை விட்டால் போச்சு. பழைய படத்தையும் விட மனமில்லை; அன்றைக்கு வந்தது ரொம்ப நாளாக நான் தேடிய படம். அவளுடையதுதான் வியாழக்கிழமை மறு ஒளிபரப்பு வருமே, அப்போது பதிவு செய்துகொள்ளலாம். இப்படி நினைத்து அவளுடையதை நீக்கினேன். சிவப்புப் புள்ளி போனது.

"என்னங்க, பெட்டில ஏறிடும்ல?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"ஏறிடும், ஏறிடும். நேரமாச்சு, கிளம்பு" என்றேன்.

அப்போதுகூட எனக்கு அது பொய் என்று தோன்றவில்லை. நாலு நாள் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வளைகாப்பில் பதினோரு மணி தாண்டியதும் அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. "அக்கா, டிவில வர்றீங்க!" யார் யாரோ கூப்பிட்டார்கள். மண்டபத்தில் டிவி இல்லை. அவள் ஒரு கையில் வளையலும் ஒரு கையில் போனுமாக, "எங்க வீட்ல ரெக்கார்டு ஆகிட்டு இருக்கு. சாயங்காலம் எல்லாரும் வாங்க, சேந்து பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பந்தியில் உட்கார்ந்து புளி சாதத்தையும் தேங்காய் சாதத்தையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டேன். எது எது என்று தெரியவில்லை.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். சொல்லியிருக்கலாம். "மேட்ச்சுக்காக உன்னுதை எடுத்துட்டேன், வியாழக்கிழமை வரும்" என்று ஒரு வரி. கோபப்பட்டிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், தீர்ந்திருக்கும். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வளைகாப்புத் தாம்பூலப் பையை வைத்துக்கொண்டு தனக்குள்ளே சிரித்தபடி வந்தாள். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்த நிறுத்தத்தில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஐந்தரை மணிக்கு அவள் சமையலறையில் டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் தனியாக இருந்தேன். பட்டியலைத் திறந்தேன். மேட்ச் முழுசாகப் பதிவாகியிருந்தது. பழைய படமும் கடைசி நிமிடம் வரைக்கும், அதிசயமாக. அவை இருந்து அவளுடையது மட்டும் இல்லாமல் போனால் கேள்வி வரும். இரண்டையும் அழித்தேன். எதற்காக அவளுடையதை நீக்கினேனோ அந்த மேட்ச்சில் ஒரு பந்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஒன்பது பெண்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். தட்டில் மிக்சர், டம்ளரில் டீ. எல்லோரும் உட்கார்ந்ததும் நான் ரிமோட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, பட்டியலைத் திறந்து, முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்தேன். மேலும் கீழும் போனேன். உச்சுக் கொட்டினேன்.

"சனியன், மறுபடியும் காலை வாரிடுச்சு" என்றேன்.

எழுதும்போதே கை கூசுகிறது. அதோடு விட்டேனா? நோட்டை எடுத்து வந்தேன். "பாருங்கம்மா, இதோட யோக்கியதைய" என்று அந்தப் பெண்களுக்குப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். கருப்புத் திரை, தைல விளம்பரம், ஆறு தடவை அணைந்தது எல்லாம். இருபத்திரண்டு உண்மைகளைக் கூட்டி வந்து ஒரு பொய்க்குச் சாட்சி சொல்ல வைத்தேன். ஆளாளுக்குப் பெட்டியைத் திட்டினார்கள். "அவரு என்ன பண்ணுவாரு, பாவம்" என்று என் மனைவி எனக்காகப் பேசினாள். "முந்தாநாளே போட்டு வச்சாரு. செவப்புப் புள்ளி வந்ததை நானே பாத்தேனே."

எல்லோரும் போன பிறகு அவள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலை ரொம்ப நேரம் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். "வேற எங்கயாவது போய் உக்காந்திருக்குமோ?" என்று கேட்டாள். இருக்காது என்றேன்.

கம்பெனிக்குப் புகார் கொடுங்கள் என்று மறுநாள் காலையிலேயே நின்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் புகார் கொடுப்பவன் இதற்குக் கொடுக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். நோட்டைத் திறந்து இருபத்து மூன்று என்று எண் போட்டேன். தேதி எழுதினேன். 'பதிவு ஆகவில்லை' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வெறுமனே விடலாம். என்னால் முடியவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம், நாய் வாலை நிமிர்த்த முடியுமா? 'முன்பு ஹார்ட் டிஸ்க் மாற்றிய பணியாளர் முறையாகப் பொருத்தவில்லை' என்று எழுதினேன். அதையே கம்பெனிக்கும் எழுதி அனுப்பினேன். அந்த வாக்கியத்தை எழுதியபோது அந்த மெக்கானிக்கின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. கட்டம் நிரம்பிய திருப்திதான் இருந்தது.

புதன்கிழமை அவரே வந்தார்.

என் மனைவி அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "போன தடவ மாத்திட்டுப் போனது நீங்கதானே? இப்படியா அரைகுறையா வேலை செய்வீங்க? எவ்ளோ ஆசையா இருந்தேன் தெரியுமா?" அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரிமோட்டில் என்னவோ நாலைந்து எண்களை அழுத்தினார். நாங்கள் பார்த்தே இராத ஒரு பக்கம் திரையில் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நானும் படித்தேன். ஞாயிறு காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம், பயன்படுத்துபவர் நீக்கினார். மாலை ஐந்து மணி முப்பத்தாறு நிமிடம், பயன்படுத்துபவர் இரண்டு பதிவுகளை அழித்தார். பெட்டியும் ஒரு நோட்டு வைத்திருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் என் மனைவி திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கத்தை மூடினார்.

"டிஸ்க்கு மண்டைய போட்ருச்சும்மா" என்றார் அவளிடம். "வேற போட்டுக் குடுத்துடறேன்."

"அதுக்குள்ள இருக்கிறத எடுக்க முடியாதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நம்மகிட்ட அதுக்கு மெஷின் இல்லம்மா. அதயே தொழிலா பண்றவங்க கீறாங்க. அவங்கையில குடுத்தா, ஒருவேள..." என்று இழுத்தார். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப பழசை எங்கிட்டயே குடுத்துடுங்க" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் காபி வரவில்லை. தண்ணீர்கூட வரவில்லை.

கேட்டுக்கு வெளியே, பைக்கில் பையைக் கட்டிக்கொண்டே அவர் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணாத்தே, பொட்டி மேல பழிய போட்டுக்கோ, பரவால்ல. அதுக்கு வாயா கீது, புள்ள குட்டியா கீது? எம்மேல எழுதாத. நீ எழுதுனது கம்பெனிலேந்து எனக்கும் வந்துகீது."

"நாளைக்கே போன் பண்ணி வாபஸ் வாங்கிடறேன்" என்றேன்.

வியாழக்கிழமை மறு ஒளிபரப்புக்கு இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். வாழ்க்கையில் எந்த மேட்ச்சுக்கும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. அன்றைக்கு நகரத்தில் பேய்மழை. அந்த நேரம் முழுக்க மழைச் செய்தியையே போட்டார்கள். பிறகு சேனலுக்குப் போன் செய்தாள். பழைய நிகழ்ச்சிகளை வைத்திருப்பதில்லை என்றார்கள். இன்டர்நெட்டில் எத்தனையோ நாள் தேடினேன். அந்த நிகழ்ச்சியின் மற்ற வாரங்கள் சில இருந்தன, அந்த வாரம் இல்லை. சேனலே பிறகு மூடிப்போனது.

புகாரை வாபஸ் வாங்க ஒரே ஒரு தடவை போன் செய்தேன். ஒன்றை அழுத்துங்கள், நான்கை அழுத்துங்கள் என்றது, அப்புறம் பாட்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது என் மனைவி மடிக்க வேண்டிய துணிகளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை வைத்துவிட்டேன். மறுபடி செய்யவில்லை. இரண்டு வாரத்தில் குறுஞ்செய்தி வந்தது: சம்பந்தப்பட்ட பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள். என்ன நடவடிக்கை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த முறை பெட்டி மக்கர் செய்தபோது வேறொருவர் வந்தார். அவருக்குக் காபி கிடைத்தது.

அதற்குப் பிறகும் அந்தப் பெட்டி எத்தனையோ தடவை காலை வாரியது. நான் எதையும் எழுதவில்லை. நோட்டைத் திறந்தால் இருபத்து மூன்றைப் பார்க்க வேண்டும். இப்போது பெட்டியும் போய், எல்லாம் போனில் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பழைய டிஸ்க் மட்டும் போகவில்லை. வளைகாப்பில் கொடுத்த பச்சை ரவிக்கைத் துண்டில் சுற்றி, பீரோவில் அவளுடைய பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருந்தது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சை தெரியும். டிவியில் என்ன சொன்னாய் என்று அவளை மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை; ஒருநாள் அதிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் சொல்லவில்லை.

போன மாதம், நோன்புக் கஞ்சி கொடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண், பூந்தமல்லியில் ஜவுளிக் கடை வைத்திருப்பவரின் மனைவி, வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு எங்கேயோ போய் அந்த நிகழ்ச்சிக்கு வந்தது. அன்றைக்கு அவள் வீட்டில் இருந்து அதைப் பார்த்தவள்.

"அக்கா ஒங்களப் பத்திச் சொன்னதக் கேட்டு எங்க மாமியாரே கை தட்டிட்டாங்கண்ணே."

"என்ன சொன்னா?" என்றேன்.

"அய்யோ, நாலு வருஷமாச்சு, இன்னுமா ஒங்களுக்குத் தெரியாது?" என்று சிரித்துவிட்டுச் சொன்னாள். வீட்டுக்காரரிடம் பிடிக்காதது என்ன, பிடித்தது என்ன என்று கேட்டார்களாம். என் மனைவி சொன்னாளாம்: "கொறை கண்டுபிடிக்கிறதுதான் அவரு வேலை. சமையல்ல, துணி மடிக்கிறதுல, எல்லாத்துலயும் கண்டுபிடிப்பாரு. ஆனா தப்பு அவரு மேலன்னா, நாம கேக்கிறதுக்கு முன்னாடியே வந்து நின்னு ஒத்துக்குவாரு. அந்த ஒண்ணுக்காக மத்ததெல்லாம் பொறுத்துக்கலாம்."

கஞ்சிப் பாத்திரம் கையில் சுட்டது. உள்ளே போய் வைக்கத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

சரியாக ஒரு வாரம் கழித்து, என் மனைவி அந்தப் பச்சைத் துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். அம்பத்தூரில் ஒரு கடையில், செத்துப்போன டிஸ்க்கிலிருந்தும் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார்களாம். மகன் விசாரித்துச் சொல்லியிருக்கிறான். "ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்க" என்றாள்.

போனேன். கடை மாடியில் இருந்தது. எதிரே பஸ் நிறுத்தத்தில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடியாதென்று சொல்லிவிட்டார்கள் என்று போய்ச் சொன்னால் முடிந்துவிடும். அவளும் நம்புவாள். என்னிடம் எது சொன்னாலும் நம்புகிறவள். நாலு பஸ்ஸை விட்டேன். ஐந்தாவதில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அவள் வாசல் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க? எடுத்துடலாமாம்?"

"இதுல நீ இல்ல" என்றேன். "எப்பவுமே இல்ல. அன்னைக்குக் காலைல மேட்ச்சுக்காக நான்தான் உன்னுதை எடுத்துட்டேன். பெட்டி ஒண்ணும் பண்ணல." மாலையில் மற்ற இரண்டையும் அழித்தது, மெக்கானிக் அதைப் பார்த்தது, கேட்டுக்கு வெளியே அவர் சொன்னது, நான் போனை வைத்தது எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொல்லி முடித்தேன்.

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, துணியைப் பிரித்து, டிஸ்க்கை என்னிடம் கொடுத்துவிட்டு, துணியை மட்டும் நாலாக மடித்தாள்.

"அப்ப அந்த மனுஷன்?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்த மெக்கானிக்தாங்க. வாசல்லயே நிக்க வச்சுத் திட்டினேனே. ஒரு வாய் தண்ணி குடுக்கலையே நான்."

அவள் உள்ளே போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீல நோட்டைத் தேடி எடுத்து வந்தாள். பதினேழாம் குறையைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். ஓரத்தில் அவர் கையெழுத்தில் நம்பர் இருந்தது. நான் பேனாவை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, இருபத்து மூன்றில் காரணம் என்ற கட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டேன். சுருக்கொப்பம் வைத்தேன். "அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்" என்று அவளே நம்பரை அழுத்தி, போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

மணி நாலைந்து தடவை அடித்தது.

"அல்லோ, நோட்டு சாரா?" என்றார் அவர். என் நம்பரை அந்தப் பெயரில்தான் வைத்திருந்திருக்கிறார். "இன்னா அண்ணாத்தே, மறுபடியும் பொட்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லைங்க" என்றேன். "பொட்டி அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."